ஐநூறு ரூபாய்க்கு ஏழு மாதம்

2024 ஆவணி. முகூர்த்த நாட்கள் வரிசைகட்டி நின்ற மாதம். மனைவியின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்து ஆட்கள் எப்படியும் துப்பறிந்துவிடுவார்கள். மொய் எழுதி, மூன்றாம் பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு நான் மட்டும் காரை எடுத்தேன். மனைவி மறுவீட்டுக்கு இருந்துவிட்டு மறுநாள் வருவதாக ஏற்பாடு. பஜாரைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம் என்று தோன்றியதால், இடப்பக்கம் ஒரு தெருவில் திரும்பினேன்.

நாற்பது அடி போயிருப்பேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் விளக்கை இரண்டு முறை அடித்தார். கல்யாண வீட்டில் பார்த்த முகம் போலிருக்கிறது என்று நானும் கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். ஆட்டோ விலகியதும் பின்னால் வெள்ளைச் சட்டை, காக்கிப் பேன்ட்.

"சார், ஓரமா நிறுத்துங்க. இது ஒன்வே."

"ஒன்வேயா? போர்டே இல்லையே சார்."

"வருசக்கணக்கா இருக்கு சார். நீங்க பாக்கல."

இறங்கிப் பின்னால் நடந்தேன். போர்டு இருந்தது. தெருவுக்குள்ளிருந்து பார்த்தால் வட்டத் தகரத்தின் முதுகு தெரிந்தது. மெயின் ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ப்ளெக்ஸ். பத்தடி உயரம். அலையலையாகச் சிவப்புப் பட்டுத்துணி விரித்த பின்னணி, மாப்பிள்ளை, பெண், கீழே கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் பதினெட்டுப் பேர், அவர்கள் எழுதிய ஒரு கவிதை. நோ என்ட்ரி போர்டு மிகச் சரியாக மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருந்தது. ப்ளெக்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு வளைவு. சாமி படத்தில் வருகிற ஒளிவட்டம் மாதிரி. தெரிந்தவர்களுக்குத்தான் அது போர்டு.

மாப்பிள்ளை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவன் கையில் கவரைக் கொடுத்துப் போட்டோவுக்கு நின்றிருந்தேன்.

"பாருங்க சார், போர்ட மறைச்சுப் ப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க," என்றேன்.

"மேல விளிம்பு தெரியுதுல்லா. ஐநூறு ரூவா சார். கார்டு, ஜிபே எதுன்னாலும் சரி."

"கட்டல சார். கோர்ட்ல பாத்துக்கிடுதேன்."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். பெட்ரோல் பங்கில் ஐந்து ரூபாய் சில்லறை இல்லை என்றால்கூடப் பேசாமல் வந்துவிடுகிற ஆள். பாயசம் இரண்டு டம்ளர் குடித்திருந்ததைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த அதிகாரியும் கோபப்படவில்லை. "ஐநூறு ரூவாய்க்குக் கோர்ட்டா? லீவு போடணும், அலையணும். யோசிச்சுக்கிடுங்க சார்," என்று பெரியவர் ஒருவர் புத்தி சொல்வது போலத்தான் சொன்னார். நான் யோசித்தேன். யோசித்துவிட்டு டிஜிலாக்கரில் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் காட்டினேன். (2018 இறுதியிலேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, செல்போனில் காட்டினால் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அசலைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை.) அவர் கையிலிருந்த கருவியில் எதையெதையோ தட்டினார். காகிதம் வந்தது. பிரிவு 119, 177. தொகை 500. நிலுவை.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். வக்கீல் நண்பர் சொல்லிக்கொடுத்து, நானும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சரி செய்துகொண்டது.

சாலையில் போலீஸ் கேட்கிற பணத்தை நாம் எல்லோரும் அபராதம் என்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது அபராதமே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவு, சில குற்றங்களை மட்டும், வழக்கு நடத்தாமலே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துவைக்க அரசு நியமித்த அலுவலர்களை அனுமதிக்கிறது. அந்தத் தொகைக்கு இணக்கக் கட்டணம் என்று பெயர். சம்சாரி வாய்க்கால் தகராற்றில் ஊர்ப் பெரியவர் முன்னால் "சரி, இத வச்சுக்கிடுங்க, விட்டுருங்க" என்று முடித்துக்கொள்வது போலத்தான் இதுவும். அதைக் கட்டினால் அத்தோடு தீர்ந்தது, அதே விஷயத்துக்காக மறுபடி வழக்குக் கிடையாது. ஆனால் நீ செய்தது குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி அபராதம் விதிக்கிற அதிகாரம் நீதித்துறை நடுவருக்கு மட்டும்தான் உண்டு. அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்தது தண்டனை இல்லை, சமரசத்துக்கு ஓர் அழைப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் இந்தச் சமரசப் பட்டியலிலேயே இல்லை. 185ஆவது பிரிவு நேராகக் கோர்ட்டுக்குத்தான் போகும். அது நியாயம்.

தொகை கூடிய கதையும் இருக்கிறது. சாலைக் குறிகளை மீறினால் பொதுப் பிரிவான 177இன் கீழ் முன்பு நூறு ரூபாய். 2019 திருத்தச் சட்டம் அதை முதல் தடவைக்கு 500, அடுத்தடுத்த தடவைகளுக்கு 1,500 என்று ஆக்கியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட்டுக்கு நூறாக இருந்தது ஆயிரமானதும் அப்போதுதான். நூறு ரூபாயாக இருந்த காலத்தில் கோர்ட்டுக்குப் போவதைப் பற்றி யாராவது பேசியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஐநூறும் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இன்னொரு முறை எங்காவது மாட்டினால் இது முதல் தடவை என்று கணக்கில் இருக்கும், அடுத்தது 1,500. கணக்கு எழுதுகிறவனுக்கு அது உறுத்தாதா?

சரி, கதைக்கு வருகிறேன்.

அதிகாரி நகர்ந்ததும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், போனை எடுத்துப் படம் பிடித்தது. காரை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, மெயின் ரோட்டில் நான் வந்த அதே திசையில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, தெருமுனைக்கு நூறடி தூரத்தில் ஒன்று, ஐம்பதடியில் ஒன்று, திரும்புகிற இடத்தில் ஒன்று. அப்புறம் இறங்கி ப்ளெக்ஸை நேராக ஒன்று, பின்பக்கமிருந்து போர்டின் முதுகும் ப்ளெக்ஸின் சட்டமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று. இதைச் செய்தபோது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் கடைசியில் வழக்கு நின்றது இதில்தான். ஓட்டுகிறவன் கண் உயரத்திலிருந்து போர்டு தெரிந்ததா என்பதுதான் கேள்வியே. நின்று அண்ணாந்து பார்த்தால் எது வேண்டுமானாலும் தெரியும். மறுநாள் போயிருந்தால் ப்ளெக்ஸ் இருந்திருக்காது. நான் புளுகுகிறேன் என்று ஆகியிருக்கும்.

வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி வெடித்தது.

"ஐநூறு ரூவாய கட்டிட்டு வராம படம் புடிச்சுட்டு வந்திருக்கீங்களே," என்றாள் மனைவி மறுநாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "இது எங்க சித்தப்பா வச்ச ப்ளெக்ஸுல்லா. இதயா கோர்ட்ல காட்டப் போறீங்க?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. படத்தில் ஐந்தடி உயரத்துக்கு அவள் தம்பி. கீழே "இப்படிக்கு" என்று போட்டுச் சித்தப்பா பெயர், செல் நம்பரோடு. நான் ஐநூறு ரூபாயிலிருந்து தப்பிக்கக் காட்டுகிற சாட்சி, மாமனார் முறை ஆளை மாட்டிவிடும். ப்ளெக்ஸ் வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர்களை நான் கண்டதில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாணத்துக்கு வைத்த பேனர் ஒன்று விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் நிலைதடுமாறி, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்துபோனாள். அப்போது கொஞ்ச நாள் ஊரெங்கும் கம்பங்கள் வெறுமையாக நின்றன. இனி வைக்க மாட்டோம் என்று கட்சிகள் அறிக்கை விட்டன. பிறகு முதலில் காதணி விழா வந்தது, அப்புறம் கண்ணீர் அஞ்சலி வந்தது, அப்புறம் எல்லாம் வந்தது. எங்கள் சீமையில் ஒரு மனிதன் பிறந்ததும், சமைந்ததும், கட்டியதும், செத்ததும் ப்ளெக்ஸ் இல்லாமல் நிகழ்ந்ததாகவே கணக்கில் சேராது. நானும் யோக்கியன் இல்லை. அக்கா மகன் காதுகுத்துக்கு வைத்த ப்ளெக்ஸில் "தாய்மாமன்" என்று என் படமும் ஒரு மூலையில் இருந்தது. அது எதை மறைத்துக்கொண்டு நின்றதோ, நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேச்சில்லை. கடைசியில் நானே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, இப்படி ஆயிப் போச்சு."

அவர் ஒரு நிமிடம் சும்மா இருந்தார். பிறகு, "மாப்ள, நம்ம கல்யாணத்துக்கு வந்துட்டு நீங்க பைன் கட்டுனா எனக்குத்தான கேவலம். நான் அனுப்புதேன் ஐநூறு," என்றார்.

"பணம் வேண்டாம் மாமா. நான் கோர்ட்ல சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. ப்ளெக்ஸ் கட்டுனது கடைக்காரப் பயதான். நான் எங்க கட்டுன்னு சொன்னேனா?"

இது உண்மைதான். ப்ளெக்ஸ் அடிக்கிற கடைதான் ஆள் அனுப்பிக் கட்டும். எந்தக் கம்பம் காலியாக இருக்கிறதோ அதில் கட்டும். சாலைக் குறி நிற்கிற குழாய் அவர்களுக்கு மிகவும் பிடித்தது: ஆடாது, நல்ல உயரம், மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கும். போக்குவரத்துத் துறை எந்தக் காரணத்துக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததோ அதே காரணத்துக்காகத்தான் ப்ளெக்ஸ்காரரும் தேர்ந்தெடுக்கிறார்.

முதலில் இணையத்தில் முயன்றேன். பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைப் போட்டு, புகார்ப் பகுதியில் விவரம் எழுதி, படங்களை ஏற்றினேன். ஏற்றுக்கொண்டதற்கு ஓர் எண் வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணோடு எனக்கு இருந்த உறவு ஒருதலைக் காதல்தான். நடுவில் வாட்ஸப்பில் "உங்கள் சலான் நிலுவையில் உள்ளது" என்று ஒரு செய்தி வந்தது, கூடவே ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி. நல்ல வேளை, சலான் எண் தப்பாக இருந்தது. இது பரவலாக நடக்கிற மோசடி. அந்தச் செயலியை நிறுவினால் வங்கிக் கணக்கு காலி. உண்மையான தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும், அது உங்களை எதையும் வாட்ஸப்பில் நிறுவச் சொல்லாது.

பிறகு தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக அறிவித்த உத்தரவின் நகல் வேண்டும் என்று ஒரு மனு. என் ரகசிய ஆசை, அப்படி ஓர் உத்தரவே இருக்காது என்பது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நாலு நாள் பிந்தி வந்தது. உத்தரவு இருந்தது. தேதி, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக. என் பக்கத்துப் பெரிய வாதம் அங்கேயே விழுந்தது.

வக்கீல் நண்பர் சிரித்தார். "வே, தெரு ஒன்வேயா இல்லையாங்கது ஒம்ம கேஸே இல்ல. ஒன்வேன்னு ஒமக்குச் சொன்னாங்களாங்கதுதான் கேஸ். 116ஆம் பிரிவப் பாரும்."

பார்த்தேன். எனக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே மிகவும் பிடித்த பிரிவு அதுதான். 115, ஒரு சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிற அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அந்தத் தடையை மக்களுக்குத் தெரிவிக்கத்தான் குறிகளை நட வேண்டும் என்கிறது 116. ஓட்டுகிறவன் அந்தக் குறிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது 119. மூன்றும் ஒரு சங்கிலி. நம் திருநெல்வேலி டவுனில் ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதிகளில் வண்டி விடாமல் நிறுத்துவது போன்ற குறுகிய காலத் தடைக்கு அரசிதழில் அறிவிப்புத் தேவையில்லை. ஆனால் உள்ளூரில் மக்களுக்குத் தெரியச் செய்ய வேண்டும் என்று அதையும் 115 சொல்லியிருக்கிறது. 116இல் இன்னும் ஒன்று: போக்குவரத்துக் குறியை மறைத்து நிற்கிற எந்த விளம்பரத்தையும் அகற்ற, அரசு அதிகாரம் கொடுத்த போலீஸ் அதிகாரியால் முடியும். 1988இல் இந்த வரியை எழுதியவருக்குக் கூலிங் கிளாஸ் போட்ட பதினெட்டு நண்பர்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எழுதிவைத்திருக்கிறார்.

"நீரே வாதாடும். எனக்கு பீஸும் வேண்டாம், ஒம்ம கேஸ எடுத்தேன்னு வெளிய சொல்லவும் வேண்டாம்," என்று நண்பர் முடித்துக்கொண்டார். கூட ஒரு எச்சரிக்கை: போனில் எடுத்த படத்தைச் சாட்சியாகக் கொடுப்பதென்றால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின், 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் மந்திரம் போல் சொல்வார்களே, அதன் புது அவதாரம். படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன். மீதிப் பாதியை ஒரு கணினி நிபுணர் நிரப்ப வேண்டுமாம். எங்கள் தெருவில் கணினி நிபுணர் என்றால் ஜெராக்ஸ் கடைத் தம்பிதான்.

டெல்லியில் 2019இல் தொடங்கி பல மாநிலங்களில் இப்போது மெய்நிகர் நீதிமன்றங்கள் வந்துவிட்டன. இணையத்திலேயே வழக்கைப் பார்க்கலாம். கட்டுகிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டு தேர்வு இருக்கும். எதிர்க்கிறேன் என்றால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். என் வழக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு போன். "சம்மன் இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க." போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சம்மனோடு வருகிற வாய்ப்பு ஒன்று உண்டு. இப்படிப்பட்ட சிறு வழக்குகளில் நேரில் வராமலே, குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் எழுதிப் பணத்தையும் அனுப்பிவிடலாம் என்கிறது 208ஆவது பிரிவு. சமரசத்துக்கு இரண்டாம் அழைப்பு. அலுவலகத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

முதல் வாய்தா நவம்பர் முதல் வாரம். காலை பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வழக்குகளைப் பெட்டி கேஸ் என்கிறார்கள். பொது இடத்தில் குடித்தவர், சீட்டாடிய நாலு பேர், இருவர் நடுவே சண்டை, அப்புறம் நான். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு போய் நிற்பார்கள், ஏதோ கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பணம் கட்டுகிற ஜன்னலுக்குப் போவார்கள். ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிடம். என் பெயர் மூன்று முறை கூப்பிடப்பட்டது. நடுவர் ஒரு பெண். குற்றத்தின் சாரத்தைப் படித்துவிட்டு, "ஒத்துக்கிடுறீங்களா?" என்றார்.

"இல்லம்மா."

எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சல் இல்லை. ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த ஆளைப் பார்ப்பது போன்ற ஆர்வம்தான். "சாட்சி?" என்றார் நடுவர். அந்த வாரம் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். என்னை நிறுத்திய அதிகாரி அங்கே பந்தோபஸ்தில் இருந்தார். வாய்தா.

இரண்டாவது வாய்தா அன்று வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு. போனதும் திரும்பியதும் ஒன்றுதான். ஒரு நாள் லீவு. வருகிற வழியில் கோர்ட் வாசலில் இஞ்சி டீ குடித்தேன், நன்றாக இருந்தது.

மூன்றாவது, 2025 மார்ச். அன்று அதிகாரி வந்திருந்தார். அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. "நீங்கதானா சார் அது," என்றார். "ஆமா சார்." "விடல பாத்தீங்களா." அதற்கு மேல் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் கூண்டில் ஏறி, தேதி, நேரம், இடம், வண்டி எண், எதிர்த்திசையில் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். எல்லாம் உண்மை. "ஏதாவது கேக்கணுமா?" என்றார் நடுவர் என்னைப் பார்த்து. நான் மூன்று மாதமாக எழுதி எழுதி அடித்து வைத்திருந்த பதினொரு கேள்விகளும் அந்த நொடியில் மறந்துபோயின. கையிலிருந்த படத்தை நீட்டினேன்.

"சார், நான் வந்த பக்கத்துல இருந்து போர்டு தெரிஞ்சுதா?"

அவர் படத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கு இந்த ப்ளெக்ஸ் இருந்ததா ஞாபகம் இல்ல" என்று ஒரே வரியில் என்னை முடித்திருக்கலாம். சான்றிதழ் அரைகுறையாகத்தான் என் பையில் இருந்தது. அவர், "மேல விளிம்பு தெரிஞ்சுதும்மா," என்றார் நடுவரிடம்.

நடுவர் படங்களை வாங்கினார். நூறடி, ஐம்பதடி, முனை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த விளிம்ப வச்சு இது நோ என்ட்ரியா, நோ பார்க்கிங்கான்னு சொல்ல முடியுமா?"

"சொல்ல முடியாதும்மா."

அப்புறம் என்னிடம் கேட்டார். "யார் வச்ச பேனர் இது?"

சத்தியப் பிரமாணம் நான் எடுக்கவில்லைதான். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "எங்க சொந்தக்காரங்கதாம்மா. அந்தக் கல்யாணத்துக்குத்தான் போயிருந்தேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சீட்டாடி மாட்டிய ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எழுதினார். விடுதலை என்றார். ஒரு சிவப்பு வளைவுக்கு அவ்வளவு பெரிய சொல். பிறகு அதிகாரியிடம், போர்டை மறைக்கிறதை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதே, எடுத்துவிட்டு அப்புறம் சலான் போடலாமே என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். என்னிடம், உங்கள் சொந்தக்காரரிடமும் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்து அதே இஞ்சி டீக் கடை. அதிகாரியும் வந்தார். நான்தான் டீ சொன்னேன். லஞ்சம் ஆகிவிடுமோ என்று சின்னச் சந்தேகம் வந்தது, வழக்கு முடிந்துவிட்டது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"அதிகாரம் இருக்குங்கறாங்க சார். நேத்து ஒரு ப்ளெக்ஸ அவுத்தேன். பத்து நிமிசத்துல மூணு போன். ஒருத்தர் சாதிய இழுக்காரு, ஒருத்தர் கட்சிய இழுக்காரு, ஒருத்தர் செத்த வீடு சார் மனசாட்சி இல்லையாங்காரு. ஐநூறு ரூவா சலான் போட்டா ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க. கட்டிட்டுப் போயிருவாங்க." ஊதி ஒரு வாய் குடித்தார். "நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் மிச்சம் மீதியும் போய்விட்டது. போக்குவரத்துப் போலீஸாரை எல்லோரும் திட்டுகிறோம். தெருமுனையில் வெயிலில் நிற்கிற அந்த ஆளுக்கு, ஒரு ப்ளெக்ஸை அவிழ்ப்பதை விட நூறு சலான் போடுவது எளிது என்ற நிலைமையை உண்டாக்கியதில் சித்தப்பாவுக்கும் எனக்கும் பங்கு இருக்கிறது.

மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். மூன்று நாள் லீவு, பெட்ரோல், படம் பிரின்ட் எடுத்தது, தபால், கோர்ட் ஸ்டாம்ப், தீர்ப்பு நகலுக்குக் கட்டியது, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூறு சொச்சம். "இதுல டீ சேக்கல," என்றாள். சித்தப்பாவிடம் நடுவர் சொன்னதைச் சொன்னேன். அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தபோது ப்ளெக்ஸ் வைத்தார். ஆனால் இந்த முறை சொந்த வீட்டுக் காம்பவுண்டு சுவரில். "மாப்ள வந்து மாட்டிக்கிடக் கூடாதுல்லா," என்றாராம்.

விடுதலை ஆன பிறகும் இணையத்தில் அந்தச் சலான் நிலுவை என்றே காட்டிக்கொண்டிருந்தது. கோர்ட் சொன்னது கணினிக்குத் தானாகத் தெரிவதில்லை போலிருக்கிறது. நிலுவை இருந்தால் நாளைக்கு வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ போகும்போது அங்கே இடிக்கும். தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு போய் மனுவோடு கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் நினைவூட்டி, ஒரு நாள் காலையில் பார்த்தால் நிலுவை போய்விட்டிருந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வக்கீல் நண்பருக்கு அனுப்பினேன். ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் பதிலாக அனுப்பினார்.

சித்திரையில் நாகர்கோவிலுக்கு ஒரு வேலையாகப் போய்வந்தேன். நாலு நாள் கழித்துக் குறுஞ்செய்தி. நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலையில் அதிவேகம், ஆயிரம் ரூபாய். தளத்துக்குப் போய்ப் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். டி.என். 72, என் எண்தான். பின்கண்ணாடியில் மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர்கூடத் தெரிந்தது. காருக்கு அங்கே நூறுதான் வரம்பு, படத்தில் 117. ரோடு காலியாக இருந்தது, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே மிதித்திருக்கிறேன்.

ஜிபேயில் கட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.